கிறிஸ்துமஸுக்கு அம்மாவுக்கோ மதினிக்கோ ஒரு ஓய்வுப் பெட்டி

டிசம்பர் 20 தாண்டிவிட்டால் நம்ம பக்கத்து வீடுகளில் அடுப்பு அணைவதே இல்லை. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கேக்குக்கு மாவு அடிப்பது, ராத்திரி கேரல் பாட வருகிறவர்களுக்குக் காபி, சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்து இறங்குகிறவர்களுக்குப் படுக்கை, அப்புறம் 25 விடியற்காலை ஆராதனை முடிந்து வந்த கையோடு பிரியாணி. இத்தனையையும் இழுத்துப் போட்டுச் செய்கிற அம்மாவுக்கோ மதினிக்கோ வருஷா வருஷம் சேலைதான் பரிசாகப் போகிறது. இந்த முறை அவர்கள் உடம்புக்கென்று ஒரு பெட்டி கொடுங்கள். கடையில் பளபளப்புத் தாள் சுற்றி விற்கும் கூடை வேண்டாம், அதில் பாதிச் சாமான் பிரிக்கப்படாமலே அலமாரிக்குப் போய்விடும்.

சாமான் வாங்கக் கிளம்பும் முன் ஒரே ஒரு நாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நிதானமாக எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும், குளித்துவிட்டு உட்கார்ந்து சூடாகக் குடிக்க வேண்டும், சாயங்காலம் காலுக்கு இதமாக ஏதாவது வேண்டும். இதற்குள் வராத எதுவும் பெட்டிக்குள் வேண்டாம்.

பெட்டி பனையோலையில் பின்னியது, மூடி போட்டது. மணப்பாடு பக்கத்துப் பின்னல் அழகாக இருக்கும், பண்டிகை முடிந்த பிறகும் வளையலோ நூல்கண்டோ போட்டு வைக்க உதவும். மழை நேரத்தில் வாங்குவதால் ஓலையில் ஈரம் இருக்கும், இரண்டு வெயிலாவது காயவைத்து விடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

குளியலுக்குச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் கால் லிட்டர், கண்ணாடிப் பாட்டிலில். தலைக்குச் சீயக்காய்த்தூள் ஒரு பொட்டலம். ஆனால் இந்தப் பெட்டியில் நீங்கள் மெனக்கெட வேண்டியது நலங்கு மாவுக்குத்தான். பச்சைப்பயறு அரைக் கிலோ, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் மூன்றிலும் 50 கிராம், ஆவாரம்பூவும் காய்ந்த ரோஜா இதழும் இரண்டு கை, வெட்டிவேர் ஒரு கை, சின்னதாக நறுக்கி. எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கஸ்தூரி மஞ்சள் என்று கேட்டால் வேறு மஞ்சளைக் கொடுத்துவிடும் கடைகளும் உண்டு, அதனால் தூளாக வாங்காமல் கிழங்காகவே, தெரிந்த கடையில் வாங்குங்கள். டிசம்பரில் வெயிலை நம்ப முடியாது, ஆகவே மாதத் தொடக்கத்திலேயே காயவைக்க ஆரம்பித்துவிடுங்கள், பயறு கடித்தால் சடக்கென்று உடைய வேண்டும். மில்லுக்குப் போனதும் முதலில் கேட்க வேண்டியது, இதற்கு முன்னால் இயந்திரத்தில் என்ன அரைத்தீர்கள் என்பதுதான். மிளகாய் வற்றல் அரைத்த மில்லில் அப்படியே நலங்கு மாவைப் போட்டால் பூசிக்கொள்கிறவருக்கு உடம்பெல்லாம் எரியும். சீயக்காய், வாசனைப் பொடி மட்டும் அரைக்கிற தனி இயந்திரம் இருக்கிற மில் கிடைத்தால் கொஞ்ச தூரமானாலும் அங்கேயே போங்கள். அரைத்து வந்த மாவு சூடாக இருக்கும், தாளில் பரப்பி ராத்திரி முழுக்க ஆறவிட்டுத்தான் டப்பாவில் அடைக்க வேண்டும், சூட்டோடு மூடினால் வியர்த்துக் கட்டி தட்டும், வண்டு வரும்.

குடிப்பதற்குச் சுக்குக் காபிப் பொடி: சுக்கு 50 கிராம், வறுத்த மல்லி 25 கிராம், மிளகு ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் நாலைந்து. கூடவே உடன்குடிக் கருப்பட்டி. உடைத்துப் பாருங்கள், உள்ளே சீனிபோல மின்னினால் கலப்படமாக இருக்கலாம், வேறு கடை பாருங்கள். எறும்பு சும்மா விடாது என்பதால் இறுக்கமாக மூடுகிற டப்பாவில் போடுங்கள், வெட்டிவேர் வாசனை ஏறாதபடி நலங்கு மாவிலிருந்து தள்ளியும் வையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் கொடுப்பதாக இருந்தால் கருப்பட்டியை விட்டுவிடுங்கள். கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்று நம்ம ஊரில் நிறைய பேர் நினைக்கிறார்கள், அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

காலுக்குத் தூத்துக்குடி கல்லுப்பு ஒரு பை, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கை போட்டுக் கால் மணி நேரம் கால் வைத்திருக்க. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது, ஆகவே தண்ணீரை வேறு யாராவது கையால் தொட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். குதிகால் வெடிப்புக்குத் தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் மூன்று பங்கு. கிண்ணத்தில் போட்டு அந்தக் கிண்ணத்தைக் கொதிநீரில் வைத்து உருக்கி, சின்னச் சிமிழில் ஊற்றி ஆறவிட்டால் களிம்பு தயார்.

அடுக்கும்போது கனமான உப்பும் கருப்பட்டியும் அடியில், எண்ணெய்ப் பாட்டிலை ஈரிழைத் துண்டில் சுற்றி நடுவில், பொடிகள் மேலே. கை தாராளமானால் பத்தமடைப் பாய் ஒன்று, சன்னல் ஓரம் போட்டு உட்கார. பொடி ஒவ்வொன்றிலும் அரைத்த தேதியும் எப்படிப் பயன்படுத்துவது என்பதும் எழுதி ஒட்டுங்கள். நலங்கு மாவை முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சளி, காய்ச்சல் இருக்கிற அன்று எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பெட்டியை 24 அன்றே கையில் கொடுத்துவிடுங்கள், உள்ளே ஒரு சீட்டு வைத்து: 26 காலையிலிருந்து ராத்திரி வரை அடுக்களை எங்கள் பொறுப்பு. அதில் யார் என்ன செய்வது என்று பெயரோடு எழுதுங்கள், காபி யார், பாத்திரம் யார், வருகிறவர்களைக் கவனிப்பது யார் என்று. பெயர் போடாத வேலை கடைசியில் அம்மா தலையில்தான் விழும். அன்றைக்குப் பெரிய சமையல் தேவையில்லை, இட்லி மாவை முந்தின நாளே அரைத்து வைத்துவிட்டு மதியத்துக்கு மிளகு ரசமும் துவையலும் செய்தால் போதும், பிரியாணி சாப்பிட்ட வயிற்றுக்கு அதுதான் பிடிக்கும்.