ஏஐ விற்பவரிடமே ஏஐ பற்றி யோசனை கேட்கலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இப்போது ஏஐ விற்க வருகிறவர்கள் அதிகம். அவர்கள் பேச்சை நம்பலாமா என்று மொத்தமாகக் கேட்பதே முதல் தவறு. துணியில் ஓட்டையையும், பின்னல் ஊசியால் விழும் ஊசிக்கோட்டையும் ஏஐ கேமரா எப்படிக் கண்டுபிடிக்கிறது, எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதெல்லாம் விற்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும், தாராளமாகக் கேளுங்கள். "உங்களுக்கு இது கட்டாயம் வேண்டும்" என்பதை மட்டும் அவரிடம் விடாதீர்கள். அந்தப் பதிலில்தான் அவருடைய வருமானம் இருக்கிறது.

அவர் கொண்டுவரும் மாதிரித் துணியைப் பார்த்து மயங்குவது அடுத்த தவறு. உங்கள் துணி ரோலைப் போடுங்கள்; நிறம் கலந்த நூலில் வரும் மெலாஞ்சும் பிரின்ட்டும் அதில் இருக்கட்டும். இரண்டு கணக்கு எழுதுங்கள்: கருவி தவறவிட்ட பழுது எத்தனை, நல்ல துணியைப் பழுது என்று காட்டியது எத்தனை? இரண்டாவது கணக்கை விற்பவர் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை. செக்கிங் செய்யும் பெண்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழுது எது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

"பக்கத்துக் கம்பெனியில் வாங்கி வேலை வேகமாகிவிட்டது" என்பதும் சான்றாகாது. 2025-ல் மீட்டர் (METR) என்ற ஆய்வமைப்பு, அனுபவமுள்ள 16 மென்பொருளாளர்களைச் சோதித்தது. ஏஐ துணையோடு அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

பிள்ளைகளை என்ன படிக்க வைப்பது என்று பெற்றோருக்கு வேறு குழப்பம். இனி யாரும் புரோகிராமிங் கற்க வேண்டிய நிலை இருக்காது என்ற பொருளில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங் 2024-ல் துபாயில் பேசினார். அவர் நிறுவனம் ஏஐ சிப் விற்கிறது. கோவை காந்திபுரத்துப் பயிற்சி மையமோ, ஏஐ கற்காவிட்டால் வேலையே இல்லை என்கிறது. அது கற்பதற்குக் கட்டணம் வாங்குகிறது. இரண்டையும் அவரவர் கடைப்பேச்சாகவே எடுத்துக்கொள்ளலாம்.

சரி, விற்க வராதவர் சொன்னால் சரியாக இருக்குமா? அதுவும் இல்லை. ஏஐ ஆபத்துகளைப் பற்றித் தடையின்றிப் பேசுவதற்காக 2023-ல் கூகுளை விட்டு விலகிய ஏஐ விஞ்ஞானி ஜெஃப்ரி ஹின்டன்தான், கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிப்பதை நிறுத்திவிடலாம் என்று 2016-ல் சொன்னவர். இன்றும் ஸ்கேன் அறிக்கையில் கையெழுத்திடுவது மருத்துவர்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு "ஏஐயும் ஈமு கோழி மாதிரிதான்" என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. 2012-ல் கவிழ்ந்த பெருந்துறை ஈமு பண்ணைகளை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. ஆனால் ஈமுவுக்கு வெளியே சந்தையே இல்லை. குஞ்சு தந்தவரே திரும்ப வாங்குவதாகச் சொன்னார். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்குக் கடிதம் எழுத ஏஐ உதவுவதை யாருடைய வாக்குறுதியும் இல்லாமல் நீங்களே இன்றைக்குச் சோதித்துவிடலாம். பெரிய கருவி என்றால் முழுத் தொகையையும் முன்பே கட்டாதீர்கள். உங்கள் துணியில் எத்தனை பழுது பிடிக்க வேண்டும் என்று எழுதி, அது நிறைவேறிய பிறகு மீதி என்று பேசுங்கள். பொருத்தும் செலவுக்கு முன்பணம் கேட்டால் அது நியாயம்தான்.