இலவசத் தூண்டில் உரிமம்: இங்கிலாந்தில் பெற்றோர் செய்யும் தவறுகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 13 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நன்னீர்த் தூண்டில் உரிமம் இலவசம். 2017 ஏப்ரல் 1-க்கு முன்பு அதற்கு 5 பவுண்ட் கட்ட வேண்டியிருந்தது. கட்டணத்தை எடுத்ததும் உரிமமே வேண்டாம் என்று ஆகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 13 வயது நிறையாத பிள்ளைக்கு மட்டுமே உரிமம் தேவையில்லை. அதற்கு மேல் பதிவு கட்டாயம். உரிமமில்லாமல் தூண்டில் போட்டால் 2,500 பவுண்ட் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

பதிவு செய்யும் இடத்திலேயே அடுத்த தவறு நடக்கிறது. தேடுபொறியில் முதலில் வரும் தளத்தைச் சொடுக்கிவிட்டு, 'சேவைக் கட்டணம்' என்று கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். அரசின் கவ்.யூகே (GOV.UK) தளம் இந்த வயதினரிடம் ஒரு பென்னிகூட வாங்காது. பணம் கேட்கிறதென்றால் தவறான தளத்தில் இருக்கிறீர்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, முகவரி போதும். உரிமம் தொடங்கும் நாளை 30 நாள் முன்னதாகவே குறித்துவைக்கலாம். அன்றிலிருந்து 12 மாதம் செல்லும்.

எந்த வகை உரிமம் என்று கேட்கும்போதுதான் கவனம் வேண்டும். நன்னீர் மீன், ட்ரவுட் வகைக்கு ஓர் உரிமம் (இரண்டு தூண்டில் கோல்கள் வரை, அல்லது மூன்று வரை). சால்மன், சீ ட்ரவுட் மீன்களுக்கு இன்னொன்று. எல்லாமே இலவசம் என்பதால், பெரியதாகவே இருக்கட்டும் என்று சால்மன் உரிமத்தை எடுத்துவிடுகிறார்கள். அதோடு ஒரு கடமையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. என்ன பிடித்தோம் என்ற கணக்கை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1-க்குள் அரசின் சுற்றுச்சூழல் முகமைக்கு (Environment Agency) அனுப்ப வேண்டும். ஒரு மீனும் கிடைக்காவிட்டாலும், ஆற்றுப் பக்கமே போகாவிட்டாலும், 'பூஜ்யம்' என்றாவது அனுப்பியாக வேண்டும். குளத்தில் ரோச், பெர்ச் போன்ற நன்னீர் மீன் பிடிக்கப்போகும் பதினான்கு வயதுப் பையனுக்கு இந்தத் தலைவலி எதற்கு? இரண்டு கோல் உரிமமே தாராளம். கோல்களைப் போட்டுவிட்டு அப்பால் போய்விடக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். ஒன்றுக்கு மேல் போட்டால் இரு ஓரக் கோல்களின் அடிப்பாகங்களுக்கு நடுவே 3 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது.

உரிமம் கிடைத்தாயிற்று, இனி எந்த நீர்நிலையிலும் தூண்டில் போடலாம் என்று எண்ண வேண்டாம். அரசின் உரிமம் வேறு, நீர்நிலைக்குச் சொந்தக்காரரின் அனுமதி வேறு. பெரும்பாலான குளங்களும் ஆற்றங்கரைகளும் சங்கங்களின் கையிலோ தனியார் கையிலோ இருக்கின்றன. நாள் டிக்கெட்டோ உறுப்பினர் அட்டையோ வாங்க வேண்டும். டிக்கெட்டைக் கரையிலேயே வந்து விற்பார்களா, முன்கூட்டியே வாங்க வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். கிளம்பும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு, பிடித்த மீனைக் குழம்புக்குக் கொண்டுவருவது. இங்கே நன்னீர் மீனைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் திரும்ப நீரிலேயே விடுகிறார்கள். குளத்துக் கெண்டையெல்லாம் சங்கங்கள் காசு கொடுத்து வாங்கி விட்டவை. உரிமையாளர் அனுமதியில்லாமல் அதை எடுத்துப் போனால் திருட்டு என்றே வழக்கு வரும். இங்கிலாந்தின் ஆறுகளில் ஒருவர் ஒரு நாளில் எடுக்கக்கூடியது இவ்வளவுதான்: 65 சென்டிமீட்டருக்கு மேற்படாத பைக் (pike) மீன் ஒன்று, 30 முதல் 38 சென்டிமீட்டர் வரையிலான கிரேலிங் மீன் இரண்டு, ரோச், பெர்ச், கெண்டை, டெஞ்ச் போன்றவற்றில் 20 சென்டிமீட்டர் வரையிலான சிறு மீன்கள் பதினைந்து. அதற்கும் ஆற்றின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். விலாங்கு எந்த அளவாக இருந்தாலும் உயிரோடு விட்டுவிட வேண்டும். சால்மனை இங்கிலாந்தில் ஜூன் 16-க்கு முன் எடுக்கவே முடியாது. சில ஆறுகளில் ஆண்டு முழுவதும் தடை. மீன் வேண்டுமென்றால் சந்தைக்குப் போவதுதான் மலிவு.

ஈஸ்டர் விடுமுறையில் ஆற்றுக்குப் போகத் திட்டமிடுவதும் வழக்கமான பிசகு. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளிலும் ஓடைகளிலும் ரோச், கெண்டை வகை மீன்களுக்குத் தூண்டில் போடத் தடை. அது முட்டையிடும் பருவம். குளம், ஏரிகளில் பெரும்பாலும் இந்தத் தடை இல்லை என்றாலும், உரிமையாளரே தனியாகத் தடை வைத்திருக்கலாம். ட்ரவுட், சால்மன் பருவங்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும்.

உறவினர் கொடுத்த பழைய தூண்டில் பெட்டி இருந்தால் அதில் கிடக்கும், தூண்டில் நூலில் எடைக்காகக் கட்டும் ஈயக் குண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈயக் குண்டுகளுக்கு 1987 முதல் தடை உண்டு. அன்னங்கள் அவற்றை விழுங்கிச் செத்துக்கொண்டிருந்தன.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அப்பாவோ மாமாவோ கோலை வாங்கி வீசினால், அப்போது தூண்டில் போடுபவர் அவர்தான். பிள்ளையின் இலவச உரிமம் அவருக்குச் செல்லாது. கோலைத் தொடுவதாக இருந்தால் கட்டணம் கட்டித் தனக்கென்று ஓர் உரிமம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் உரிமமும் உண்டு. அதிகாரி கேட்கும்போது இரண்டு பேருமே காட்ட வேண்டியிருக்கும் என்பதால், மின்னஞ்சலில் வரும் உரிமத்தைப் படமாக எடுத்து இருவர் கைப்பேசியிலும் சேமித்துவைக்கலாம், அல்லது அச்செடுத்துத் தூண்டில் பெட்டிக்குள் போட்டுவைக்கலாம். ஆற்றங்கரையில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.