அரூப ஓவியம்: எதிரே நின்று பார்க்கவும் வீட்டில் தீட்டிப் பார்க்கவும்

கோலாலம்பூரின் தேசியக் கலைக்கூடமான பாலாய் செனி நெகாராவில் ஓர் அரூப ஓவியத்துக்கு, அதாவது தெரிந்த பொருளின் உருவம் எதையும் காட்டாத படத்துக்கு, எதிரே வருபவர்களைக் கவனியுங்கள். படத்தை இரண்டு வினாடி பார்ப்பார்கள், உடனே பக்கத்துப் பெயர்ச்சீட்டைப் படிக்கக் குனிவார்கள். சீட்டில் "தலைப்பில்லை" என்று இருந்துவிட்டால் முகம் சுருங்கும். இந்த வரிசையை மாற்றிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. முதலில் படம், கடைசியில் சீட்டு.

அரூப ஓவியத்துக்குள் ஒளித்துவைத்த விடை எதுவும் கிடையாது. அங்கே இருப்பவை ஓவியர் எடுத்த முடிவுகள்: எந்த நிறம் முதலில் விழுந்தது, எந்த ஓரத்தைக் கூர்மையாக விட்டார், எதை மூடி மறைத்தார். அவற்றைக் கண்ணால் தடம் பிடிப்பதைத்தான் பார்ப்பது என்கிறோம். ஒருமுறையாவது தன் கையால் தீட்டியவருக்கு இது சட்டென்று பிடிபடும். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

எங்கிருந்து கிளம்பியது

உருவமில்லாத அழகு 20ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். கோலாலம்பூரின் மஸ்ஜிட் நெகாராவுக்கு அருகிலுள்ள இஸ்லாமியக் கலை அரும்பொருளகத்தில், உருவமில்லாத கோலங்களைப் பார்த்தபடி அரைமணி நேரம் நடந்தாலே அந்த எண்ணம் போய்விடும். சுவரில் மாட்டும் ஓவியம் உலகத்துப் பொருள் எதையும் காட்டாமல் தன் காலில் நிற்கலாம் என்ற துணிச்சல்தான் புதிது.

1839இல் ஒளிப்படக்கலை பொதுவுக்கு வந்தபின், சாயலைப் பிடிக்கும் வேலை ஓவியர் கையிலிருந்து மெல்ல நழுவியது. பிரெஞ்சு ஓவியர் மோனே தீட்டிய வைக்கோற்போர் படம் ஒன்றை 1896இல் மாஸ்கோவில் பார்த்த ரஷ்யர் வசீலி காண்டின்ஸ்கிக்கு அது என்னவென்றே முதலில் புரியவில்லை. புரியாத படம் மனத்தை விட்டு அகலவும் இல்லை. பிறகு மியூனிக்கில் ஒரு மாலை மங்கலில், பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்த தன் படத்தையே யாருடையது என்று தெரியாமல் வியந்து பார்த்தார். பொருளின் உருவம்தான் தன் படங்களைக் கெடுக்கிறது என்ற முடிவுக்கு வந்ததை அவரே எழுதியிருக்கிறார். 1911 ஜனவரியில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் கச்சேரியைக் கேட்டுவிட்டு வந்து, மஞ்சள் பொங்கும் ஒரு படம் தீட்டினார். கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும். ராக ஆலாபனையில் சாகித்தியம் கிடையாது. அதைக் கேட்டுவிட்டு அர்த்தம் என்ன என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை.

முதல் அரூப ஓவியர் யார் என்ற பட்டிமன்றத்தில் நெடுங்காலம் காண்டின்ஸ்கி பக்கமே தீர்ப்பு. ஆனால் சுவீடனின் ஹில்மா ஆஃப் கிளின்ட் 1906இலேயே தொடங்கிவிட்டார். 1907இல் அவர் தீட்டிய பத்துப் பெரும் படங்களில் ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். தான் இறந்து 20 ஆண்டுகள் கழியும்வரை இவற்றைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவைத்தார். 1944இல் இறந்தார், 1986இல்தான் பெரிய கண்காட்சி ஒன்றில் இவை வெளியே தெரிந்தன.

ரஷ்ய ஓவியர் மலேவிச்சின் "கருப்புச் சதுரம்" 1915 டிசம்பரில் பெட்ரோகிராடில் காட்சிக்கு வந்தது. அதைச் சுவரின் நடுவில் மாட்டவில்லை. ரஷ்ய வீடுகளில் சாமிப்படம் வைக்கும் மேல்மூலையில் மாட்டினார்கள். இன்று அந்தக் கருப்பு முழுக்க வெடிப்பு விட்டிருக்கிறது. வெடிப்புக்குள் உற்றுப் பார்த்தால் அடியிலிருக்கும் வேறு நிறங்கள் தெரியும். கீழே வண்ணப் படங்கள் புதைந்திருப்பதை 2015இல் மாஸ்கோவின் த்ரெத்யகோவ் கூடம் எக்ஸ்-ரே ஆய்வில் உறுதிசெய்தது. "வெறும் கருப்புத்தானே" என்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த வெடிப்பைத்தான்.

மலேசியாவுக்கு இந்த அலை 1950களில் வந்தது. மூவாரில் பிறந்து லண்டனில் படித்துத் திரும்பிய சையத் அகமது ஜமால், வீச்சான தூரிகை இழுப்புகளில் தீட்டினார். லத்தீப் மொஹிடின் பெர்லினில் படித்தவர். அவரது பாகோ-பாகோ வரிசையில் கோபுரம், குருத்து, முள்ளிலை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று முளைக்கும். 2018இல் பாரிஸின் பொம்பிடூ மையம் இந்த வரிசையைக் காட்சிக்கு வைத்தது. 1967இல் கோலாலம்பூரில் நடந்த "குரூப்" கண்காட்சியில் இவ்விருவரோடு இப்ராஹிம் ஹுசேன், யோ ஜின் லெங், சியோங் லாய்தோங், ஜோலி கோ, அந்தோணி லாவ் ஆகியோரும் பங்கேற்றார்கள். சென்னைப் பக்கம் கே.சி.எஸ். பணிக்கரின் எழுத்தும் கட்டமும் நிறைந்த படங்கள், ஆதிமூலத்தின் கத்தி கொண்டு இழுத்த நிறப்பரப்புகள் ஆகியவையும் அதே காலத்தையும் அதற்கு அடுத்த காலத்தையும் சேர்ந்தவை. சிறுபத்திரிகை வாசகர்களுக்கு ஆதிமூலம் கோட்டோவியராகத்தான் பழக்கம். அவர் வண்ணங்களைப் பார்க்காதவர்கள் பாதி ஆளைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

எதிரே நின்று பார்க்கும்போது

தித்திவங்சா பக்கம் இருக்கும் பாலாய் செனி நெகாரா, அம்பாங் பார்க் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள இல்ஹாம் கூடம், இரண்டுமே நல்ல இடங்கள். காட்சிகள் மாறிக்கொண்டே இருப்பதால் குறிப்பிட்ட ஒரு படத்தை நம்பிப் போகாதீர்கள். கூடம் முழுக்க ஓட வேண்டாம். மூன்று படம் போதும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம்.

படத்தின் மூலைவிட்ட நீளம் எவ்வளவோ அதைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நின்று முதல் நிமிடத்தைக் கழியுங்கள். கண் முதலில் எங்கே போகிறது, அங்கிருந்து எங்கே தாவுகிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு காவலர் முகம் சுளிக்காத தூரம்வரை நெருங்குங்கள். இப்போது ஓரங்களைப் பாருங்கள். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் கூர்மையா, கசிவா, நடுவே அடிநிறம் மெல்லிய கீற்றாக எட்டிப்பார்க்கிறதா? எட்டிப்பார்த்தால், எது முன்பு எது பின்பு என்று சொல்லிவிடலாம். சட்டத்தின் பக்கவாட்டையும் பார்க்கலாம். வழிந்த நிறங்கள் அங்கே வரிசையாகக் கிடக்கும், அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

அளவும் ஒரு முடிவுதான். அமெரிக்க ஓவியர் ரோத்கோவின் பெரிய படங்களைத் தள்ளி நின்று பார்த்தால் மூன்று பட்டைகள், அவ்வளவே. சுமார் 18 அங்குலத்தில் நில்லுங்கள் என்று அவர் சொன்னதாகக் கூறுவார்கள். அந்த நெருக்கத்தில் படத்தின் விளிம்பு கண்ணுக்கு அகப்படாது, நிறம் மட்டும் சூழ்ந்துகொள்ளும். கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டு "இதில் என்ன இருக்கிறது" என்பவர்களுக்கு நியாயமாகவே ஒன்றும் தெரிந்திருக்காது.

"என் பேரன்கூட இதைக் கிறுக்குவான்" என்று தோன்றினால் தோன்றட்டும். ஆனால் எந்தப் பகுதியை எடுத்துவிட்டால் படம் சரியும் என்று ஒரு கட்டைவிரலால் மறைத்து மறைத்துச் சோதியுங்கள். எதை மறைத்தாலும் படம் சரியவே இல்லை என்றால் அது மோசமான படமாகவும் இருக்கலாம். அரூபம் என்பதற்காக எல்லாவற்றையும் மெச்ச வேண்டியதில்லை.

தீட்டிப் பார்க்க

ஒன்றும் இல்லாமல் "மனத்தில் தோன்றியதை" வரைவது தொடக்கக்காரருக்கு ஆகாது. கை தெரிந்த சுருளையும் வட்டத்தையுமே போடும். கண்ணெதிரே இருக்கும் ஒன்றிலிருந்து கழித்துக் கழித்து வாருங்கள். டச்சு ஓவியர் மோந்த்ரியான் அப்படித்தான் செய்தார். அவருடைய சிவப்பு மரம், 1911இன் சாம்பல் மரம், 1912இன் பூத்த ஆப்பிள் மரம் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் மரம் கரைந்து கோடுகள் மட்டும் மிஞ்சுவது தெரியும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொங்கும் மாலைகள், கீழே கூடைகள், பின்னால் அஞ்சடியின், அதாவது கடைகளை ஒட்டிய கூரையிட்ட நடைபாதையின், இருட்டு. ஏ4 தாளில் நான்கு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் கண்டபடியே பென்சிலால் வரையுங்கள். இரண்டாவதில் ஏழு வடிவத்துக்கு மேல் கூடாது, பத்து மாலையும் ஒரே செங்குத்துப் பட்டையாகிவிடும். மூன்றாவதில் வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என மூன்றே தொனி. நான்காவதில் கடையை மறந்துவிட்டு அளவுகளைக் கலையுங்கள்: ஒரு வடிவம் மிகப் பெரிதாக, இரண்டு நடுத்தரமாக, மீதி சிறியவையாக. பெரும்பாலான முதல் படங்கள் தோற்பது இங்கேதான். எல்லா வடிவமும் ஒரே அளவில் இருந்தால், நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் படம் துணிக்கடை மாதிரித்துண்டாகத்தான் தெரியும்.

40 × 50 செ.மீ. கேன்வாஸ் வாங்குங்கள். கடையில் வருவதில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு ஏற்கெனவே பூசியிருக்கும். ஆனாலும் சுமார் 20 மி.லி. எடுத்து இன்னொரு பூச்சுக் கொடுத்து, காய்ந்தபின் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். அக்ரிலிக்கில் ஐந்து குழாய் போதும்: அல்ட்ராமரின் நீலம், கேட்மியம் சிவப்புச் சாயல், ஒரு மஞ்சள், பர்ன்ட் அம்பர், டைட்டானியம் வெள்ளை. கருப்பு வாங்காதீர்கள். அல்ட்ராமரினையும் பர்ன்ட் அம்பரையும் ஏறக்குறையச் சம அளவில் குழைத்தால் உயிருள்ள இருட்டு கிடைக்கும். அஞ்சடி நிழலுக்கு அதுதான் சரி.

முதலில் வெள்ளையைக் கொல்லுங்கள். அம்பரில் தண்ணீர் கலந்து பரப்பு முழுவதும் ஒரு கழுவல். ஆனால் தண்ணீர் நிறத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. போனால் நிறமியைப் பிடித்துவைக்கும் பிசின் நீர்த்துப்போய், காய்ந்தபின் விரலில் பொடி ஒட்டும். அதன்மேல் பெரிய வடிவங்கள், பிறகு சிறியவை. காற்றாடிக்குக் கீழே மெல்லிய பூச்சு 20 நிமிடத்தில் காயும், மழை பெய்யும் பிற்பகலில் அதற்கு இரட்டிப்பாகும். அடிப்பூச்சு காய்வதற்குள் மேலே தேய்த்தால் தோல் உரிவதுபோல் வழன்று வரும்.

செவ்வந்தி மஞ்சளை இருண்ட நீலத்தின்மேல் நேராக வைத்தால் பச்சையடித்து மங்கும். மஞ்சள் நிறமி பெரும்பாலும் ஒளி ஊடுருவக் கூடியது. அந்த இடத்தில் முதலில் வெள்ளை ஒரு பூச்சு, காய்ந்தபின் மஞ்சள். இன்னொன்று: அக்ரிலிக் காயும்போது ஓரளவு கருக்கும். ஈரத்தில் பால்போல் இருக்கும் பிசின் காய்ந்து தெளிவாவதே காரணம். ஆகவே குழைக்கும்போதே வேண்டியதைவிடச் சற்று வெளிறலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூர்மையான ஓரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுவார்கள், நிறம் அடியில் கசிந்துவிட்டது என்று புலம்புவார்கள். கேன்வாஸ் நெசவின் பள்ளங்கள் வழியாகத்தான் கசிகிறது. டேப்பை ஒட்டி நகத்தால் அழுத்தியபின், அடியில் ஏற்கெனவே இருக்கும் நிறத்தையே ஓரத்தில் மெல்லப் பூசுங்கள். கசிவது அதே நிறமானதால் தெரியாது, பள்ளமும் அடைபடும். அது காய்ந்ததும் புது நிறம். முழுக்க இறுகுமுன் டேப்பைத் தன்மேலேயே மடித்துச் சாய்வாக இழுங்கள். ஆனால் எல்லா ஓரத்தையும் இப்படிச் செய்யாதீர்கள். ஒன்றிரண்டு கூர்மை, மீதி கையால் வந்த ஓரம் என்றிருந்தால்தான் கூர்மைக்கே மதிப்பு.

சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஒரே குழைவில் சேர்ந்தால் சேறுதான். இரண்டு சாடித் தண்ணீர் வையுங்கள், ஒன்று கழுவ, ஒன்று அலச. தூரிகையைத் துணியில் துடைத்தபின்பே தண்ணீரில் விடுங்கள். அடுக்குமாடி வீட்டுக் குழாயில் அக்ரிலிக் இறுகினால் அண்டை வீட்டாரிடமும் பதில் சொல்ல வேண்டிவரும்.

நிறுத்துவது எப்போது? படத்தைத் தலைகீழாக வையுங்கள். கைப்பேசியில் கருப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். ரோஜாச் சிவப்பும் வெற்றிலைப் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை வெளிறலாக்கவோ கருப்பாக்கவோ வேண்டும். இரண்டு சோதனையிலும் உறுத்தல் இல்லையென்றால், "இன்னும் கொஞ்சம்" என்று கை ஊறும்போதே தூரிகையைக் கழுவிவிடுங்கள். மிகுதியாகத் தீட்டிக் கெட்ட படங்களே அதிகம்.

வார்னிஷ் அவசரமில்லை. மெல்லிய பூச்சானால் ஒரு வாரம், கத்தியால் கனமாக வைத்திருந்தால் பல வாரம் காத்திருங்கள். மழை நாளில் பூசினால் ஈரம் சிக்கிப் பால்போல் மூட்டம் படியும். காலையில், காய்ந்த காற்றில், மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கேன்வாஸ் தொய்ந்தால் பின்புறச் சட்ட மூலைகளில் செருகும் மர ஆப்புகளை லேசாகத் தட்டினால் மீண்டும் இழுபடும்.

படத்தின் நடு, தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரும்படி மாட்டுங்கள். குளியலறைக்கு மறுபக்கச் சுவரும் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் வேண்டாம். கீழ் மூலைகள் இரண்டிலும் ஒரு செ.மீ. தக்கை ஒட்டிவிட்டால் பின்னால் காற்று ஓடும். அதையும் மீறிப் பின்புறத்தில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்தால் ஈரத் துணியால் தேய்க்காதீர்கள், அது இன்னும் பரவும். படத்தை வெளியே கொண்டுபோய், முகமூடி போட்டுக்கொண்டு உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டு, காலை வெயில் படும் திண்ணையில் பின்புறம் வெளிச்சத்தைப் பார்க்கும்படி சற்று நேரம் வைத்து எடுங்கள்.