சிரிஞ்சும் தராசும் போதும்: காற்றின் அழுத்தத்தை வீட்டிலேயே அளக்கலாம்

மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள். ஊசி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் 5 கிலோ வரை நிறுக்கும் சமையலறை டிஜிட்டல் தராசு, பென்சில் அழிக்கும் ரப்பர் ஒன்று. வேறெதுவும் தேவையில்லை.

படி 1: தண்டை 20 கோடு வரை இழுத்து, முனையை விரலால் இறுக மூடி அமுக்குங்கள். முதலில் மெத்தென்று போகும், போகப்போக முரண்டு பிடிக்கும். விட்டால் திரும்பி வரும். ஆனால் சரியாக 20-க்கு வராது. தண்டின் நுனி உள்சுவரில் உரசுவதுதான் காரணம்.

படி 2: அந்த உரசலை அளந்துவிடுவோம். தராசின் மேல் மடித்த துணி வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். அதன் மேல் சிரிஞ்சை நிறுத்தி, காற்று வெளியேறும்படி தண்டை மெதுவாக அமுக்குங்கள். தராசு காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் கழிக்க வேண்டும்.

படி 3: துணிக்குப் பதில் ரப்பர். மறுபடி பூஜ்யமாக்கி, 20 கோடு வரை காற்று இழுத்த சிரிஞ்சின் முனையை ரப்பரில் அழுத்தி நிறுத்துங்கள். ஒரு கையால் தண்டை மெதுவாக அமுக்குங்கள். இன்னொரு கை சிரிஞ்சு சாயாமல் பிடித்தால் போதும், அழுத்தக் கூடாது. 15 கோட்டில் ஒரு முறை, 10 கோட்டில் ஒரு முறை எடையைப் பாருங்கள்.

உள்விட்டம் சுமார் 2 செ.மீ. என்றால், உரசலைக் கழித்தபின் 15-இல் ஏறக்குறைய 1 கிலோ, 10-இல் 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். முதல் 5 மில்லிக்கு ஒரு கிலோ, அடுத்த 5 மில்லிக்கு இன்னும் இரண்டு!

இங்கேதான் பலரும் குழம்புவார்கள். கன அளவு பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாக வேண்டும். சரி, எதன் இரட்டிப்பு? தொடங்கும்போதே உள்ளிருக்கும் காற்று, வெளிக்காற்றைப் போலவே சதுர செ.மீ.க்கு சுமார் 1 கிலோ வீதம் அழுத்திக்கொண்டிருக்கிறது. 10 கோட்டில் அது 2 கிலோவாகிறது. வெளிக்காற்றும் தண்டை உங்களோடு சேர்ந்து தள்ளுவதால், மிச்சமுள்ள 1 கிலோவைத்தான் உங்கள் கை தருகிறது. தண்டின் பரப்பு சுமார் 3 சதுர செ.மீ.; ஆக 3 கிலோ. ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதி இதுதான். அவர் தராசுக்குப் பதில், வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஊற்றி அளந்தார்.

அவசரமாக அமுக்காதீர்கள். வேகமாக அமுக்கினால் காற்று சூடாகி எண் கூடிவிடும். வெப்பநிலை மாறாதவரைதான் இந்தக் கணக்கு. சைக்கிள் பம்பு அடிக்கும்போது அடிப்பக்கம் சுடுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

படி 4: சிரிஞ்சில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, முனையை மூடி அமுக்குங்கள். தண்டு அசையவே அசையாது.

அடுத்த முறை ஊட்டிக்குப் போகும்போது சிப்ஸ் பாக்கெட்டைக் கவனியுங்கள். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். பாக்கெட் தலையணையாக உப்பியிருக்கும். குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலை அங்கேயே இறுக மூடி எடுத்து வாருங்கள். மேட்டுப்பாளையம் வருவதற்குள் அது ஒடுங்கிப்போயிருக்கும்.