யுரேனியம் சுரங்கத்தை மூடும்போது திட்டம் எங்கே சறுக்குகிறது

யுரேனியம் சுரங்கம் என்றதும் மனம் நேராகக் கதிர்வீச்சுக்குத்தான் போகும். சீரமைப்புத் திட்டம் போடுகிறவர்களும் பல நேரம் அப்படித்தான். காமா கதிரின் அளவு, ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் அளவு என்று பக்கம் பக்கமாக அட்டவணை இருக்கும். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூடிய சுரங்கங்களின் கதையைப் பார்த்தால், திட்டத்தைக் கவிழ்த்தது பெரும்பாலும் மழைத்தண்ணீர்.

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில், டார்வினுக்குத் தெற்கே ரம் ஜங்கிள் என்று ஓர் இடம். 1950களில் தொடங்கிய வேலை 1971-ல் நின்றது. குவித்துவிட்டுப் போன கழிவுப்பாறையில் பைரைட் என்ற இரும்பு சல்பைடு நிறைய இருந்தது. அதில் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். அமிலம் பாறையிலுள்ள செம்பு போன்ற உலோகங்களைக் கரைக்கும். எல்லாம் சேர்ந்து ஆற்றுக்குப் போகும். ஃபின்னிஸ் ஆற்றின் கிழக்குக் கிளை இப்படித்தான் கெட்டது. அந்த ஆற்றைக் கெடுத்ததில் யுரேனியத்தைவிடச் செம்புக்கும் அமிலத்துக்கும்தான் பெரிய பங்கு. கழிவுப்பாறை அமிலம் கக்குமா என்று தோண்டுவதற்கு முன்பே சோதிக்காமல் விடுவது முதல் பிழை.

அடுத்த பிழையும் அதே இடத்தில்தான் நடந்தது. 1982 முதல் 1986 வரை அரசுச் செலவில் குவியல்களுக்கு மேல் களிமண், அதன்மேல் மண், அதற்கும் மேல் சரளை என்று அடுக்கடுக்காக மூடினார்கள். பெய்கிற மழையில் 5 சதவீதத்துக்கு மேல் உள்ளே இறங்கக் கூடாது என்பது இலக்கு. முதலில் அது நிறைவேறவும் செய்தது. அப்புறம் ஆண்டுகள் போகப்போக இறங்கும் நீர் கூடிவிட்டது. பானைக்குத் தட்டு போட்டு மூடுவதுபோல நினைத்தால் இப்படித்தான் ஆகும். களிமண் கோடையில் காய்ந்து வெடிக்கும், மரவேர் துளைக்கும், கரையான் புற்று வைக்கும். கடைசியில் ரம் ஜங்கிளுக்கு இரண்டாம் முறையாகச் சீரமைப்புத் திட்டம் போட வேண்டியதாயிற்று. தாதுவை அரைத்து யுரேனியத்தைப் பிரித்தெடுத்த பிறகும் தாதுவின் கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம், மிஞ்சும் கழிவுச் சேற்றிலேயே தங்கிவிடுகிறது. அதிலுள்ள தோரியம்-230 என்ற கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 75,000 ஆண்டு ஆகும். மூடியோ சில ஆண்டுகளிலேயே கசியத் தொடங்குகிறது. ஆகவே மூடியைக் கண்காணிக்கவும் பழுது பார்க்கவும் ஆளும் பணமும் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கிழக்கு ஜெர்மனியின் விஸ்முட் யுரேனியம் சுரங்கங்களை 1991 முதல் சீரமைத்தவர்கள் இதை வேறு விதமாகக் கையாண்டார்கள். ரோன்னபர்க் அருகே லிக்டன்பெர்க் என்ற பெரும் திறந்தவெளிக் குழிக்குள் சுற்றியிருந்த கழிவுக் குவியல்களைத் திருப்பிக் கொட்டினார்கள். கண்டபடி கொட்டவில்லை. பாறையைச் சோதித்து வகை பிரித்து, அமிலம் கக்கும் வகையை ஆழத்தில், பிற்பாடு நிலத்தடி நீர் ஏறி மூழ்கடிக்கப்போகும் மட்டத்துக்குக் கீழே போட்டார்கள். நீருக்கடியில் ஆக்சிஜன் போகாது, அமிலமும் பெருகாது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தோண்டும் நாளிலேயே பாறையை வகை பிரித்துத் தனித்தனியாகக் குவித்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

கழிவுச் சேற்றைத் திடப்பொருளாகக் கணக்கு வைப்பது இன்னொரு தவறு. அது ஈரக் குழம்பு. தன் எடையால் மெல்ல மெல்ல நீரைக் கக்கி அமுங்கும். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் ககாடு தேசியப் பூங்காவால் சூழப்பட்ட ரேஞ்சர் யுரேனியம் சுரங்கத்தில், முதல் குழியை 1994-ல் தோண்டி முடித்துச் சில ஆண்டுகளில் சேற்றை நிரப்பத் தொடங்கினார்கள். நீரை வெளியேற்ற 2012-ல் வடிகால் பட்டைகளைச் செங்குத்தாக இறக்கினார்கள். குழியை மேல்மட்டம் வரை நிரப்பி முடித்தது 2020-ல்தான். அமுங்குமுன் அவசரப்பட்டு மண்ணைப் போட்டிருந்தால் பின்னால் தரை இறங்கிப் பள்ளமாகி, அங்கேதான் மழைநீர் தேங்கும்.

பணக் கணக்குக்கும் ரேஞ்சர்தான் நல்ல உதாரணம். கழிவுச் சேறு 10,000 ஆண்டுகளுக்குச் சுற்றுச்சூழலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. சீரமைப்புக்கு முதலில் சொன்னது சுமார் 97 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2022-ல் அது 160 முதல் 220 கோடி என்று மாறியது; 2026 ஜனவரிக்குள் முடிப்பதும் நடக்காது என்று ஆனது. 2021-லேயே உற்பத்தி நின்றுவிட்டது, அதாவது வருமானம் இல்லை. அமெரிக்காவின் யூட்டாவில், மோவாப் நகரருகே கொலராடோ ஆற்றங்கரையில் 1.6 கோடி டன் கழிவைக் குவித்திருந்த அட்லஸ் நிறுவனம் 1998-ல் திவாலானது. பொறுப்பு அரசின் தலையில் விழுந்தது. 2009 முதல் அந்தக் கழிவை ரயிலில் ஏற்றி, ஆற்றை விட்டுத் தள்ளியிருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆற்றங்கரையில் கொட்டிய நாளில் யாரும் இந்த ரயில் செலவைக் கணக்கில் எழுதியிருக்க மாட்டார்கள். தாது விற்கிற காலத்திலேயே, நிறுவனம் கைவைக்க முடியாத நிதியாகச் சேர்த்து வைப்பதுதான் வழி.

நம் நாட்டில் பேசவேண்டியது தொடக்க அளவீடு. யுரேனியம் உள்ள மண்ணில் கிணற்று நீரிலும் இயற்கையாகவே கொஞ்சம் யுரேனியம் இருக்கக்கூடும். தோண்டுமுன் கோடை, மழை இரண்டிலும் கிணறு கிணறாக அளந்து, கிராமத்தாரிடமும் ஒரு பிரதி கொடுக்காவிட்டால், பின்னால் எது சுரங்கத்தால் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆந்திராவின் கடப்பா மாவட்டத் தும்மலப்பள்ளியில் யுரேனியம் சுரங்கத்தால் நிலத்தடி நீர் கெட்டதென்று மக்கள் புகார் சொல்வதும் சுரங்க நிறுவனம் மறுப்பதுமாக ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

மரம் நடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளூர் விதையைப் பல ஆண்டு முன்னதாகவே சேகரிக்க வேண்டும். நிலத்துக்கு உரிய மக்களிடம், ரேஞ்சரில் மிர்ரார் மக்களிடம், அந்த நிலம் திரும்ப எப்படி இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

திட்டத்தின் கடைசி வரியில் ‘பணி நிறைவு’ என்று ஒரு தேதி போடுவார்கள். விஸ்முட்டில் யுரேனியம் எடுப்பது நின்று முப்பது ஆண்டுக்கு மேலாகியும் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் மின்கட்டணத்தையும் சம்பளத்தையும் யார் கொடுப்பது என்ற பத்தி இல்லாத திட்டத்தில் அந்தத் தேதிக்கு அர்த்தமில்லை.