வாட்ச்டாக் இருந்தும் பெட்டி தொங்குவது ஏன்? லினக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆள் நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் லினக்ஸ் பெட்டி (கணினி) வைப்பவர்கள், இன்றோ நாளையோ, தொங்கிப்போன பெட்டியைத் தானே ரீசெட் செய்யும் ஹார்டுவேர் வாட்ச்டாக் டைமரிடம் வந்துதான் ஆக வேண்டும். வேலை செய்யும் விதம் எளிது. சிப்புக்குள் ஒரு கவுண்டர் இறங்கிக்கொண்டே வரும். அது பூஜ்யத்தைத் தொடுவதற்குள் மென்பொருள் அதைக் 'கிக்' செய்து மறுபடி ஏற்றிவிட வேண்டும். செய்யாவிட்டால் ரீசெட். சிக்கல் பெரும்பாலும் டைமரில் இருக்காது. கிக் செய்வது யார், எதை வைத்துச் செய்கிறார் என்பதில்தான் இருக்கும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வைத்தே பார்ப்போம், பலரிடம் இருப்பது அதுதான்.

அதிகம் பேர் செய்வது இது: லினக்ஸில் பின்னணி புரோகிராம்களை (சர்வீஸ்களை) ஏற்றி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கான்ஃபிக் ஃபைலில் 'ரன்டைம் வாட்ச்டாக்' வரியில் 15 விநாடி என்று எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுவது. அந்த வரி சொல்வதெல்லாம், முதல் பிராசஸான சிஸ்டம்டி, குறித்த நேரத்தில் பாதிக்கு ஒருமுறை கிக் செய்யட்டும் என்பதுதான். உங்கள் பைத்தான் புரோகிராம் மோடத்திடமிருந்து பதில் வரும் என்று சாக்கெட்டில் மூன்று நாளாகக் காத்துக் கிடந்தாலும் சிஸ்டம்டிக்கு ஒரு குறையும் இல்லை. அது பாட்டுக்குக் கிக் செய்துகொண்டிருக்கும். டேட்டா மட்டும் வராது.

ஆகவே உங்கள் புரோகிராமை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் சர்வீஸ் ஃபைலில் தனியாக 'வாட்ச்டாக் செக்' (WatchdogSec) வரி போட வேண்டும்; புரோகிராமும் அவ்வப்போது "வாட்ச்டாக்=1" என்று சிஸ்டம்டிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். இங்கேதான் அடுத்த தவறு. அந்தச் செய்தியை அனுப்பத் தனியாக ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் கிளை) எழுதி, 10 விநாடிக்கு ஒருமுறை அனுப்பு என்று விட்டுவிடுவார்கள். மெயின் லூப் செத்துக் கிடக்கும். அந்த த்ரெட் மட்டும் உயிரோடு இருந்து எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். செய்தி அனுப்பும் வரி மெயின் லூப்புக்குள், ஒரு சுற்று முடியும் இடத்தில் இருக்க வேண்டும். சென்சாரைப் படி, சர்வருக்கு அனுப்பு, கிக், தூங்கு. பல த்ரெட் இருந்தால், ஒவ்வொன்றும் தன் கடைசிச் சுற்றின் நேரத்தைக் குறித்துவைக்கட்டும். எல்லாம் புதிதாக இருந்தால் மட்டும் கிக்.

சரி, சர்வருக்கு அனுப்புவது தோற்றால்? அப்போதும் கிக் செய்யத்தான் வேண்டும். லூப் சுற்றியதா என்பதே கேள்வி, நெட் இருந்ததா என்பதல்ல. சிஸ்டம்டிக்குப் பதிலாகக் கிக் செய்யும் பழைய வாட்ச்டாக் டீமன் என்ற பின்னணி புரோகிராமின் கான்ஃபிக்கில் 'பிங்' என்று ஒரு வரி உண்டு; அதில் கொடுத்த முகவரி பதில் சொல்லாவிட்டால் ரீபூட். அதில் வெளியூர் ஐபி ஒன்றைக் கொடுத்து வைப்பவர்கள், லைன் அறுந்த இரவில் பெட்டி விடிய விடிய ரீபூட் ஆவதைத்தான் பார்ப்பார்கள். ரீபூட் செய்தால் சரியாகக்கூடிய கோளாறுக்கு மட்டும் ரீபூட் வையுங்கள்.

சர்வீஸ் ஃபைலில் இன்னும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. 'ரீஸ்டார்ட்' வரியின் இயல்பு மதிப்பு 'நோ'. அதை மாற்றாமல் வாட்ச்டாக் மட்டும் போட்டால், தொங்கிய புரோகிராமைச் சிஸ்டம்டி கொன்றுவிட்டு அப்படியே விட்டுவிடும். 'ஆல்வேஸ்' அல்லது 'ஆன்-ஃபெயிலியர்' போடுங்கள். இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. பலமுறை ரீஸ்டார்ட் செய்தும் தேறவில்லை என்றால் பெட்டியையே ரீபூட் செய் என்று 'ஸ்டார்ட் லிமிட் ஆக்‌ஷன்' மூலம் சொல்லலாம். ஆனால் அந்த 'பலமுறை' என்பது இயல்பாக 10 விநாடிக்குள் 5 முறை. வாட்ச்டாக் 30 விநாடிக்கு ஒருமுறைதான் கடிக்கும் என்றால் அந்த எண்ணிக்கை எந்தக் காலத்திலும் எட்டாது. அந்த 10 விநாடி இடைவெளியை 10 நிமிடமாக ஏற்றினால்தான் ரீபூட் வரை போகும்.

அடுத்து நேர அளவு. பையின் சிப்பில் இருப்பது 20 பிட் கவுண்டர். 15 விநாடிக்கு மேல் தாங்காது. வாட்ச்டாக் டீமனோ இயல்பாக 60 விநாடி கேட்கும். பழைய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) 'இன்வாலிட் ஆர்க்யுமென்ட்' என்று லாகில் ஒரு வரி விழும், யாரும் பார்க்க மாட்டார்கள். புதிய கெர்னல்களில் 60 கேட்டாலும் கிடைக்கும்: இடையிடையே கெர்னலே கிக் செய்து நேரத்தை நீட்டிக்கொள்ளும். அப்போது கெர்னல் உறைந்தால் 15 விநாடிக்குள் ரீசெட், யூசர் ஸ்பேஸ் (கெர்னலுக்கு வெளியே ஓடும் புரோகிராம்கள்) மட்டும் செத்தால் 60 விநாடி. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்றாக இருக்கலாம். 'டபிள்யூடி-சிடிஎல்' கட்டளை உண்மை மதிப்பைக் காட்டும்.

வாட்ச்டாக்கின் டிவைஸ் ஃபைலைத் திறந்தாலே டைமர் ஓடத் தொடங்கிவிடும் என்பதை மறப்பவர்களும் உண்டு. என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று '/டெவ்/வாட்ச்டாக்' மேல் 'கேட்' கட்டளை கொடுத்து, சற்று நேரத்தில் பெட்டி ரீபூட் ஆகத் திகைப்பது இப்படித்தான். நிறுத்த வேண்டுமென்றால், மூடுவதற்கு முன் பெரிய எழுத்து 'வி' ஒன்றை எழுதிவிட்டு மூட வேண்டும். நிறுத்தவே விடாத 'நோ வே அவுட்' அமைப்பு ஆன் ஆக இருந்தால் அதுவும் எடுபடாது. மேசை மேல் சோதிக்கும்போது அதை ஆஃப் செய்யுங்கள்; களத்துக்குப் போகும்போது ஆன். அப்புறம், சிஸ்டம்டியும் வாட்ச்டாக் டீமனும் ஒரே டிவைஸைக் கேட்டால் முதலில் வந்தவருக்குத்தான் கிடைக்கும், மற்றவருக்கு 'டிவைஸ் பிஸி'. ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.

இன்டெல் பெட்டிகளில் வேறு கூத்து. பயாஸ் (போர்டின் தொடக்க மென்பொருள்), வாட்ச்டாக்கின் ரீசெட்டைத் தடுக்கும் 'நோ ரீபூட்' பிட்டைப் பூட்டி வைத்திருந்தால் டிரைவர் லோட் ஆகாது. உபுண்டு வாட்ச்டாக் மாட்யூல்களை இயல்பாகவே, தானாக லோட் ஆகாதபடி, பிளாக்லிஸ்டில் வைத்திருக்கிறது. இது தெரியாமல் பலர் மென்பொருளிலேயே ஓடும் 'சாஃப்ட்டாக்' மாட்யூலைப் போட்டுத் திருப்தி அடைகிறார்கள். அது ஓடுவது கெர்னலின் சொந்த டைமரில். இன்டரப்ட் நின்று கெர்னலே உறைந்தால் சாஃப்ட்டாக்கும் கூடவே உறையும். 'என்எம்ஐ வாட்ச்டாக்' என்பதும் வேறு ஆள். அது லாக்கப்பை (கெர்னல் உறைவதை) கண்டுபிடித்து லாகில் எழுதும், பேனிக் ஆகும்படி (தொடர முடியாமல் கெர்னல் நின்றுவிடுவது) நீங்கள் அமைத்திருந்தால் பேனிக் ஆகும், அவ்வளவுதான்.

பூட் ஆகும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். கெர்னலை ஏற்றும் பூட்லோடரான யூ-பூட் வாட்ச்டாக்கை ஓடவிட்டுக் கொடுத்தால், யூசர் ஸ்பேஸ் டிவைஸைத் திறக்கும் வரை கெர்னலே கிக் செய்து காக்க வழி உண்டு. ஆனால் அதற்குக் கெடு இயல்பாக இல்லை. ரூட் ஃபைல்சிஸ்டம் கெட்டு யூசர் ஸ்பேஸ் வராமலே போனால், கெர்னல் முடிவில்லாமல் கிக் செய்துகொண்டிருக்கும். 'வாட்ச்டாக் ஓப்பன் டைம்அவுட்' என்ற பூட் அளவுருவில் ஒரு கெடு வையுங்கள். வட்டைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓடி முடிய இடம் விட்டு, தாராளமாகவே.

சோதிக்காமல் எதையும் களத்துக்கு அனுப்பாதீர்கள். 'கில்' கட்டளையில் 'ஸ்டாப்' சிக்னல் கொடுத்து உங்கள் புரோகிராமை உறையவைத்தால் சர்வீஸ் அளவிலான பாதுகாப்பு தெரியும். ஹார்டுவேருக்கு, 'சிங்க்' கொடுத்துவிட்டு கெர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் சிஸ்ரிக் வழியே 'சி' அனுப்பிக் கெர்னலைப் பேனிக் ஆக்குங்கள். அதற்கு முன் 'கெர்னல்.பேனிக்' மதிப்பை 0 ஆக்க மறக்கக் கூடாது. அது 10 என்று இருந்தால் கெர்னல் தானாகவே ரீபூட் ஆகும், நீங்கள் வாட்ச்டாக்தான் வேலை செய்தது என்று நம்பிவிடுவீர்கள். லாகைச் சேமிக்கும் ஜர்னல்டி, சாதாரண லாகை 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வட்டில் சிங்க் செய்யும். ரீசெட்டுக்கு முந்தைய கடைசி நிமிடங்கள் காணாமல் போவது அதனால்தான். அந்த இடைவெளியைக் குறைத்து வையுங்கள்.

இன்னொன்று: ரீசெட் வேறு, மின்சாரத்தை அணைத்துப் போடுவது வேறு. பல போர்டுகளில் வாட்ச்டாக் பிராசசரை மட்டும்தான் ரீசெட் செய்யும், யூஎஸ்பி போர்ட்டின் 5 வோல்ட் அப்படியே இருக்கும். தொங்கியது மோடமாக இருந்தால் எத்தனை ரீபூட் ஆனாலும் அது தொங்கியேதான் இருக்கும். அதன் சப்ளையை ஒரு ரிலே வழியாக எடுத்து, ரீபூட் ஆனதும் சில விநாடி துண்டிக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதி வைப்பது நல்லது.