கிட் (ஆயத்தப் பாகத் தொகுப்பு) இல்லாமல் ஒரு குட்டிப் படகும் அதற்கு ஒரு ட்ரெய்லரும்: 1:35 அளவில் செய்முறை

டையோரமாவில், அதாவது சிறிய அளவில் செய்த காட்சி மாதிரியில், படகு வைக்கிற பலர் படகை அழகாகச் செய்துவிட்டு ட்ரெய்லரில் கோட்டை விடுகிறார்கள். படகு ஒரு இடத்தில் தொடும், மற்ற இடங்களில் அந்தரத்தில் நிற்கும். டயர்கள் கனமே தாங்காதவைபோல உருண்டையாக இருக்கும். இரண்டையும் தனித்தனியாக முடித்து, கடைசியில் ஒன்றின் மேல் ஒன்றை வைப்பதால் வரும் வினை இது. அதனால் இங்கே முதலில் படகை முடிப்போம். பிறகு அதைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடிவளைவுக்கு ஏற்றபடி ட்ரெய்லரை அளந்து வெட்டுவோம்.

அளவும் பொருளும்

நாம் செய்யப்போவது தட்டையான அடி, கூரான அணியம் (முன்முனை) கொண்ட சாதாரணத் துடுப்புப் படகு. நிஜத்தில் 4.2 மீட்டர் நீளம். 35ஆல் வகுத்தால் 120 மி.மீ. இந்த அளவில் மனிதப் பொம்மைகள் ஏராளமாகக் கிடைப்பதால்தான் 1:35ஐ எடுத்துக்கொண்டேன். 1:72இல் செய்கிறவர்கள் கீழே வரும் அளவுகளைப் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும், 1:24இல் செய்கிறவர்கள் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகவும் வைத்துக்கொள்ளலாம்.

0.5 மி.மீ., 1 மி.மீ. கனத்தில் பாலிஸ்டைரீன் ஷீட், அதே பிளாஸ்டிக்கில் 2 மி.மீ. சதுரக் கம்பி, 2 மி.மீ. உருளைக் கம்பி, 1 மி.மீ. பித்தளைக் கம்பி, கூர்மையான கட்டர், இரும்பு ஸ்கேல், 400, 800 எண் உப்புத்தாள், பிளாஸ்டிக்குக்கான மெல்லிய திரவப் பசை, கொஞ்சம் சூப்பர் குளூ. இவை போதும். திரவப் பசை பிளாஸ்டிக்கையே கரைத்து இணைக்கிறது. ஆகவே பாகங்களை உலர்வாகச் சேர்த்துப் பிடித்து, விளிம்பில் தூரிகையால் தொட்டாலே போதும், பசை தானாக உள்ளே ஓடிவிடும். தாராளமாக ஊற்றினால் 0.5 ஷீட் மறுநாள் நெளிந்து நிற்கும்.

ஷீட்டை முழுக்க அறுக்கத் தேவையில்லை. ஸ்கேலை வைத்து இரண்டு மூன்று முறை கீறி மடக்கினால் நேர்க்கோட்டில் உடையும்.

படகு

முதலில் நடு வங்கு, அதாவது படகின் உள்ளே குறுக்கே நின்று வடிவம் தரும் சட்டம். 1 மி.மீ. ஷீட்டில் கீழே 36, மேலே 44, உயரம் 16 மி.மீ. கொண்ட ஒரு சரிவகம். அடியிலிருந்து 8 மி.மீ. உயரத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பாதி ஆழத்துக்குக் கீறிவையுங்கள், உடைக்க வேண்டாம். அடுத்து பின்பலகை: கீழே 26, மேலே 33, உயரம் 15. வெளிப்புற மோட்டார் மாட்டுவதாக இருந்தால் அதன் மேல்விளிம்பின் நடுவில், அடியிலிருந்து 11 மி.மீ. மிஞ்சும்படி ஒரு பள்ளம் வெட்டுங்கள். குட்டைத் தண்டு மோட்டாருக்கு நிஜத்தில் வேண்டிய 15 அங்குலம் இந்த அளவில் அவ்வளவுதான்.

பக்கப் பலகைகளுக்கு 0.5 ஷீட்டில் 128 × 16 மி.மீ. பட்டைகள் இரண்டு. விளிம்புகள் நேர்க்கோடாகவே இருக்கட்டும். படகின் வளைவை எப்படி வரைவது என்று பயந்துதான் பலர் இந்த வேலையைத் தொடுவதே இல்லை. வரையவே வேண்டாம். வங்கின் பக்கங்கள் வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பதால், நேரான பட்டையை அதன்மேல் வளைத்து இரு முனைகளையும் உள்ளே இழுக்கும்போது முனைகள் தாமாகவே மேலே எழும்பும். நம் அளவுகளுக்கு அணியம் ஏறக்குறைய 4 மி.மீ., பின்புறம் 1 மி.மீ.க்குச் சற்று அதிகம். நம்பிக்கை வராவிட்டால் இதே அளவில் தடித்த காகிதத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். ஷீட்டும் வீணாகாது.

பட்டைகளின் முன்முனைகளை 2 மி.மீ. கம்பியை முக்கோணமாகத் தேய்த்துச் செய்த முன்தண்டில் ஒட்டி, நன்றாக உலர விடுங்கள். அதன் பிறகு அணியத்திலிருந்து 65 மி.மீ. தொலைவில் நடு வங்கைச் செருகுங்கள். கீறலுக்குக் கீழே மட்டும் பசை தொடுங்கள். மேல்பாதி ஒட்டாமல் வெறும் தாங்கலாக நிற்க வேண்டும். பின்முனைகளை இழுத்துப் பின்பலகையில் சேர்த்து, மாஸ்கிங் டேப்பால் கட்டி, ஒரு இரவு விட்டுவிடுங்கள். பின்னால் மிஞ்சும் நீளத்தை மறுநாள் வெட்டலாம்.

கவிழ்த்துப் பார்த்தால் பக்கப் பலகைகளின் அடிவிளிம்பு சாய்வாக இருப்பது தெரியும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படும்படி நீளமான உப்புத்தாள் கட்டையைக் குறுக்கே வைத்துத் தேய்த்தால் அடிப்பலகை உட்காரத் தட்டையான இடம் கிடைக்கும். அதன்மேல் 0.5 ஷீட்டை விரலால் அழுத்தி வளைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே 1 மி.மீ. விட்டு வெட்டி ஒட்டுங்கள். உலர்ந்ததும் மிச்சத்தைச் சீவிவிடலாம். நடுக்கோட்டில் 1 மி.மீ. அகலப் பட்டை ஒன்றை ஒட்டினால் ஏரா (படகின் அடித்தண்டு) தயார். ட்ரெய்லர் உருளைகள் தாங்கப்போவது இதைத்தான்.

இப்போது படகை நிமிர்த்தி, நடு வங்கின் மேல்பாதியைக் குறட்டால் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். கீறிய இடத்தில் உடைந்து வந்துவிடும். மிஞ்சிய 8 மி.மீ. உயரத்தின் மேல் குறுக்கே இருக்கைப் பலகையை வைத்தால் வங்கு கண்ணில் படாது. முன்னும் பின்னும் இன்னும் இரண்டு இருக்கைகள், மேல்விளிம்பின் வெளியே 1 மி.மீ. பட்டை, உள்ளே மெல்லிய விலாப் பட்டைகள், 70 மி.மீ. நீளத் துடுப்பு இரண்டு. பின்பலகையின் அடியில் 0.6 மி.மீ. துளை ஒன்றும் போடுங்கள், வடிகால் துளை அது. மோட்டார் செய்ய அலுப்பாக இருந்தால், அந்த உருவத்துக்கு ஒரு கட்டையை வைத்து, நீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்த டிஷ்யூ தாளைப் போர்த்திவிடுங்கள். தார்ப்பாய் மூடிய மோட்டார் என்று யாரும் நம்புவார்கள்.

ட்ரெய்லர்

படகைக் கவிழ்த்து வைத்து, ஏராவின் மேல் 2 மி.மீ. சதுரக் கம்பியைப் பிடியுங்கள். கம்பி நேர், படகு வளைவு. இரண்டுக்கும் இடையே ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு இடைவெளி என்று பென்சிலால் கம்பியிலேயே குறியுங்கள். உருளைத் தாங்கிகளின் உயரம் இங்கிருந்துதான் கிடைக்கிறது. எல்லாத் தாங்கியையும் ஒரே உயரத்தில் வெட்டினால் படகு நடுவில் மட்டும் உட்காரும்.

நடுத்தண்டு 150 மி.மீ. அணியத்துக்கு முன்னால் 30 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். குறுக்குக் கம்பிகள் மூன்று. உருளைகள் 2 மி.மீ. உருளைக் கம்பியில் 3 மி.மீ. துண்டுகள். கடைசி உருளை சரியாகப் பின்பலகைக்குக் கீழே வர வேண்டும். மோட்டாரின் கனம் அங்கேதான் இறங்குகிறது. நிஜத்தில் அந்த இடத்தைத் தாங்காமல் விட்டால் படகின் அடியே வளைந்துவிடும்.

அச்சு எங்கே? நடுவில் வைக்காதீர்கள். மொத்தக் கனத்தில் 5 முதல் 10 சதவீதம் இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்கினால்தான் ட்ரெய்லர் சாலையில் ஆடாமல் போகும். மோட்டார் பின்னால் இருப்பதால் சமநிலைப் புள்ளியும் பின்னுக்கு நகர்கிறது. அணியத்திலிருந்து 80 மி.மீ.இல் வைத்தால் பார்வைக்கும் கணக்குக்கும் பொருந்தும். இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு நடுவே 48 மி.மீ. விடுங்கள், படகு உரசாது.

சக்கரம் 17 மி.மீ. விட்டம், 5 மி.மீ. அகலம். பழைய கிட்டில் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் 1 மி.மீ. ஷீட்டில் ஐந்து வட்டங்கள் வெட்டி, நடுவில் துளையிட்டு ஒட்டி, டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுழற்றி உப்புத்தாள் பிடியுங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகும். பிறகு ஒவ்வொரு டயரின் அடியிலும் வெறும் 0.4 மி.மீ. தேய்த்துத் தட்டையாக்குங்கள். தரையைத் தொடும் பகுதி 5 மி.மீ. நீளத்துக்கு வரும். இந்தச் சின்ன வேலையைச் செய்தால்தான் படகுக்குக் கனம் இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

முன்னால் வின்ச் (படகை ட்ரெய்லர் மேல் இழுத்தேற்றும் சுழற்சிக் கருவி) தூண், அணியம் முட்டி நிற்க ஒரு உருளை. வின்ச் பட்டைக்கு மாஸ்கிங் டேப்பை 1.4 மி.மீ. அகலத்தில் வெட்டி, இறுக்கமாக இழுத்து ஒட்டுங்கள். தளர்ந்து தொங்கக் கூடாது. மட்கார்டு, பின்விளக்கு, தாங்கு சக்கரம் (கழற்றி நிறுத்தும்போது முன்முனையைத் தாங்கும் சிறு சக்கரம்) எல்லாம் உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

வண்ணமும் பொருத்துதலும்

படகும் ட்ரெய்லரும் தனித்தனியாக வண்ணம் பெறட்டும். முதலில் சாம்பல் ப்ரைமர். பட்டி வைக்க மறந்த இடங்களை அது காட்டிக்கொடுக்கும். துத்தநாகம் பூசிய சட்டத்துக்கு வெளிர் சாம்பல் அடித்து, அதைவிடக் கொஞ்சம் அடர்ந்த சாம்பலைக் கிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். துருவைப் போல்ட்டு, வெல்டிங் இருக்கும் இடங்களில் மட்டும் புள்ளியாக வையுங்கள். சட்டம் முழுக்கப் பூசினால் துத்தநாகம் பூசியதற்கே பொருள் இல்லை.

கடைசியாக, 1 மி.மீ. பித்தளைக் கம்பியை டயரின் தட்டையான அடியில் செருகித் தளத்தில் துளையிட்டு இறக்குங்கள். ட்ரெய்லர் நிலையாக நின்ற பிறகு தாங்கு சக்கரத்தின் கம்பியைத் தரை தொடும் அளவுக்கு வெட்டுங்கள், முன்கூட்டியே வெட்டினால் கட்டாயம் குட்டையாகும். தண்ணீரிலிருந்து இப்போதுதான் ஏறிய படகு என்றால், வடிகால் துளையிலிருந்து தளம் வரை பளபளப்பு வார்னிஷை ஒரு கோடாக இழுத்து, சக்கரத் தடங்களிலும் கொஞ்சம் தொட்டுவிடுங்கள்.